ஏழாம் எண் பவளத்துக்கு என்ன நோய்?

பத்தடி ஆழத்தில் என் இடது காதின் சவ்வு கிழிந்தது. அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருந்தது. விட்டால் படகு மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் கடலில் இறங்கினேன். காதுக்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம். அப்புறம் சில்லென்று தலைக்குள் தண்ணீர் ஏறியது போல இருந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் எல்லாம் சுற்றியது. கூட இறங்கியிருந்த தோழி என் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். சவ்வு தானாக ஆறவில்லை, அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவர் சொல்லும் வரை கடலில் இறங்கக் கூடாது என்று கட்டளை. காதில் பஞ்சோடு பேருந்து ஏறி, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

என் வேலை என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்தான். மன்னார் வளைகுடாவில் இருக்கும் சின்னச் சின்னத் தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் இருக்கின்றன. பார்த்தால் பாறை, ஆனால் அது உயிர். கடுகளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து, வருஷத்துக்கு ஒரு விரல் நகம் அளவு என்று அந்தத் திட்டைக் கட்டுகின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் பெரும்பாலான சாப்பாட்டைக் கொடுப்பதும் அந்தப் பாசிதான். இந்தப் பவளங்களுக்கு நோய் வருகிறது. சிலவற்றில் வெள்ளைப் பட்டை விழுந்து, சதை உரிந்து, கீழே சுண்ணாம்பு தெரிகிறது. சிலவற்றில் கறுப்பு வளையம் ஒன்று தோன்றி, நகர்ந்துகொண்டே போய், கடந்த இடத்தையெல்லாம் கொன்றுவிடுகிறது. சிலவற்றில் கட்டிகள் வருகின்றன. இவை ஏன் வருகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஐந்தாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்து கடல் நோயை ஆராய்வது எப்படி என்று நெறியாளரிடம் கேட்டேன். "போட்டோக்கள் இருக்கேம்மா, அதுல மார்க் பண்ணுங்க" என்றார். மூன்று வருஷமாகத் தண்ணீருக்கடியில் எடுத்த படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருந்தன. ஒவ்வொரு படத்திலும் சதை எங்கே, பாசி எங்கே, நோய்த் திட்டு எங்கே என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். காலையில் வேலையை ஆரம்பித்தால் மதியத்துக்குள் கண் எரியும். நடுவில் மின்சாரம் போய்விடும். வெளியே வேர்க்கடலை காய்ந்துகொண்டிருக்கும். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கடலடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா இரண்டாம் நாளே ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். செந்நிறக் கல் பதித்தது. தருமபுரிக்குப் போய் வாங்கி வைத்திருந்தாள்.

"செவ்வாய்க்குப் பவளம் போடச் சொல்லிருக்கறாங்க. போட்டாக்கா வரன் கூடி வருமாம்."

"அம்மா, நான் என்ன வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியுமா?"

"பவளம் பாக்கற வேலைதான? இத்தினி வருஷம் அதையே நோண்டிட்டு இருக்கற. ஒண்ண வெரல்ல போட்டா என்னா கொறஞ்சிரும்?"

"அது வேற பவளம்மா. இது ஆழத்துல இருக்கற செவப்பு வகை. நான் பாக்கறது பாறை கட்டற வகை."

"எல்லாம் ஒரே கடல்லதான இருக்குது?"

மோதிரத்தைப் போட்டுக்கொண்டேன். படத்தில் செத்த பவளத்தைச் சுற்றிக் கோடு இழுக்கும்போதெல்லாம் மவுஸ் மேல் அந்தக் கல் தெரிந்து எரிச்சல் மூட்டியது.

படங்களில் நான் அதிகம் பார்த்தது ஏழாம் எண் பவளத்தை. ஆய்வுக்கு எடுத்த பவளங்களின் அருகில் எண் போட்ட சிறு வில்லையை ஆணியில் கட்டி வைப்போம். ஏழு, உருண்டையாகப் பாறை போல வளரும் வகை. நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை அளவு இருக்கும். மங்கலான பழுப்பு நிறம். என் பாட்டன் பிறப்பதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கும். முதல் வருஷம் அதன் ஒரு ஓரத்தில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளைத் திட்டு விழுந்தது. அடுத்த முறை போனபோது அது துண்டு அளவு. திட்டின் விளிம்பில் சதை நைந்து, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த எட்டாம் எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தண்ணீர், ஒரே வகை, ஒரே வெயில். ஒன்று உரிகிறது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. ஏன்?

சந்தேகப்பட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கரையிலிருந்து வரும் சாக்கடை, மழைக்குப் பிறகு வந்து படியும் சேறு, அறுந்து போய்ப் பவளத்தில் சுற்றிக்கொண்ட வலை, நெகிழிப் பை, நங்கூரம் உரசிய காயம், வருஷத்துக்கு வருஷம் ஏறும் கடலின் சூடு. இவற்றில் ஏதோ ஒன்று பவளத்தைப் பலவீனப்படுத்துகிறது, பிறகு ஒரு கிருமி உள்ளே நுழைகிறது என்பது என் எண்ணம். கிருமியையும் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஏழின் விளிம்பில், பவளம் தன் மேல் சுரந்துகொள்ளும் சளியை எடுத்து, அதிலிருந்து ஆய்வகத்தில் ஒரு பாக்டீரியாவைத் தனியாக வளர்த்தோம். அது நோய்த் திட்டில் ஏராளமாக இருந்தது. ஆனால் எட்டாம் எண்ணின் சளியிலும் கொஞ்சம் இருந்தது. நன்றாக இருப்பதிலும் அது இருக்கிறது என்றால் அது குற்றவாளியா, வேடிக்கை பார்த்தவனா?

இதை நிரூபிக்க ஒரு வழிதான் உண்டு. பிரித்தெடுத்த கிருமியை நல்ல பவளத் துண்டில் விட வேண்டும். அதே நோய் வர வேண்டும். வந்த நோயிலிருந்து அதே கிருமி மறுபடி கிடைக்க வேண்டும். நான் அனுப்பியிருந்த கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகையும் இதைத்தான் கேட்டிருந்தது. முறையாக அனுமதி வாங்கி, துண்டுகளைத் தொட்டியில் வைத்து, அன்றைக்கு என்னை மேலே கொண்டுவந்த தோழியைச் செய்யச் சொன்னேன். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. என்னைவிட நன்றாக நீந்துவாள், என்னைவிடப் பொறுமைசாலி. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வீடியோவில் தொட்டிகளைக் காட்டுவாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. மோட்டார் கொட்டகை ஓரம் நின்று, கேட்கிற காதில் போனை வைத்துக்கொண்டு கத்துவேன்.

"கிருமி விட்ட தொட்டிய காட்டு."

"நல்லாத்தாம்டி இருக்கு. ஒரு புள்ளி கூட இல்ல."

"விடாத தொட்டி?"

அவள் கேமராவைத் திருப்பினாள். கிருமி விடாத தொட்டியில், ஒப்பிடுவதற்காகச் சும்மா வைத்திருந்த துண்டுகளில் இரண்டு உரிந்து வெள்ளையாகக் கிடந்தன.

"அது எப்படிடி?"

"என்ட்ட கேக்க? நானா போய்ச் சொறிஞ்சு விட்டேன்?"

மறுபடி செய்தோம். இந்த முறை தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினோம். கிருமி விட்டதில் சிலது நோயுற்றது, விடாததிலும் சிலது நோயுற்றது. நெறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் என்று சொல்ல முடியாது என்றார். "பல காரணங்கள் சேர்ந்துன்னு எழுதி முடிச்சிடுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க." அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். பல காரணங்கள் என்று எழுத ஐந்து வருஷம் எதற்கு? கடலைப் பார்க்காமலே கரையில் நின்று எழுதிவிடலாமே.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் எக்ஸ்ரே வந்தது.

அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். சில வருஷங்களாகவே அப்படி. வயல் வேலை, மூட்டை தூக்கினது என்று அவரே காரணம் சொல்லிக்கொள்வார். குனிந்து செருப்பை மாட்ட முடியாமல் போன பிறகு நான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"எங்க போரு தண்ணிங்க" என்றார் அப்பா.

"எத்தனை வருஷமா?"

"போட்டதுலருந்தே அதுதாங்க."

மருத்துவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. தண்ணீரில் ஃப்ளூரைடு. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் பல்லில் காவி படிவதும் அதனால்தான். என் முன்பற்களிலேயே இருக்கிறது. அப்பாவின் எலும்பில் ஆனது திரும்பச் சரியாகாது, மேலும் முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம், குழாயில் வரும் காவிரித் தண்ணீரை மட்டும் குடிக்க வேண்டும், சமைக்கவும் அதுதான் என்றார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். நான் ஐந்து வருஷமாகத் தேடியும் கிடைக்காத ஒன்று, அங்கே நாற்காலி சூடாவதற்குள் கிடைத்துவிட்டது. திரும்பி வரும் பேருந்தில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சொன்னால் அசிங்கம், ஆனால் இருந்தது.

காவிரிக் குழாய் எங்கள் வாசலுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அம்மா அன்றிலிருந்து குடத்தில் அதைப் பிடித்து, குடிக்கத் தனியாக வைத்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"சப்புனு இருக்குது. மருந்து வாசன வேற."

"பழகிரும்பா."

"பழகும், பழகும்."

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சிக்னலுக்காக மோட்டார் கொட்டகைக்குப் போனபோது, அப்பா குழாயில் கையை ஏந்திப் போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கழுவுவது போலக் காட்டிக்கொண்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"மூஞ்சி கழுவறன்."

"குடிச்சதப் பாத்தேன்."

"ஒரு வாய் குடிச்சா என்னா இப்ப? இனிமே புதுசா என்னா வந்துரப் போவுது? கழுத்து போனது போனதுதான்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"இன்னும் மோசமாவும். இடுப்பு போயிரும், எந்திரிக்க முடியாது."

"நீ கடல்ல இருக்கறதுக்கு வைத்தியம் பாரு போ."

அதிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. நான் கொட்டகையின் சாவியை ஒளித்து வைத்தேன். அவர் வெளிப்பக்கக் குழாயிலிருந்து பிடித்துக் குடித்தார். மண்பானையில் ஊற்றி வைத்தால் மருந்து வாசனை போய்விடும் என்று ஊற்றி வைத்தேன், தொடவில்லை. காரணம் தெரியும், மருந்து போல நல்ல தண்ணீர் வாசலில் வருகிறது, ஒரு சொம்பை மாற்றினால் போதும். அதைக்கூடச் செய்யாத மனிதரை என்ன செய்வது? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை மோந்து பார்த்தேன். போர் தண்ணீர்தான்.

"இது விஷம்ப்பா. தெரிஞ்சே விஷம் குடிக்கறீங்க" என்று கத்தினேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

"மூணு எடத்துல போட்டு மூணும் புழுதி பறந்துது. நாலாவதா இங்க போட்டப்ப தண்ணி பீச்சி அடிச்சுது, தெரியுமா உனக்கு? தெருவே வந்து நின்னு பாத்துது. அந்த வருஷம் ஊருல ஒரு கெணத்துலயும் தண்ணி இல்ல. அத்தன வூட்டுக்கும் இங்கருந்துதான் கொடம் போச்சு. யாருகிட்டயும் ஒரு பைசா வாங்கல. பக்கத்து வூட்டுக்காரன் பையனுக்குக் காலு வளஞ்சிருக்குதே, அவனும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சு வளந்தான். இப்ப நீ விஷங்கற. அப்போ ஊருக்கே விஷம் குடுத்தவனா நானு?"

அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். "உங்களுக்குத் தெரியாதுல்லப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். சண்டை முழுக்க அவர் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்திருந்தேன். காரணம் என்பதை நான் ஏதோ பரிசு போலத் தேடிக்கொண்டிருந்தேன். அது கையில் கிடைத்தவருக்கு அது என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்து என்ன, அதற்குப் பிறகும் என் எரிச்சல் குறையவில்லை. அவர் குடிப்பதும் நிற்கவில்லை.

சித்திரை வெயில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கொட்டகைத் தகரம் தொட முடியாதபடி கொதித்தது. கடலும் கொதிக்கிறது என்று தோழி சொன்னாள். இறங்கினால் வெந்நீரில் இறங்குவது போல இருக்கிறதாம். சூடு தாங்காத பவளம், தன் சதைக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே துப்பிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். இது நோய்த் திட்டு போல ஓரத்தில் வராது, மொத்தமாக வரும். சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பி வந்து பிழைத்துக்கொள்ளும். இறங்காவிட்டால் பட்டினியில் சாகும்.

அவள் அனுப்பிய படத்தை மோட்டார் கொட்டகை நிழலில் நின்று திறந்தேன். ஏழு முழுவதும் வெள்ளை. நோய்த் திட்டு எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே ஆரம்பிக்கிறது என்று மூன்று வருஷமாக நான் கோடு போட்ட விளிம்பையே காணோம். எட்டும் வெள்ளை. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை.

"சூடு எறங்கிரும்லா. பொறுத்துப் பாப்போம்" என்றாள் தோழி.

சூடு இறங்கியது, ஆனால் தாமதமாக இறங்கியது. எட்டு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. ஏழு திரும்பவில்லை. அடுத்த படத்தில் அதன் மேல் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. இது உள்ளே குடியிருக்கிற பாசி இல்லை, செத்த பிறகு மேலே முளைக்கிற பாசி. நான் போனை வைத்துவிட்டுக் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. என்ன நோய் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அது வேறொன்றால் செத்துவிட்டது. இனி அந்தக் கேள்வியை அதனிடம் கேட்கவே முடியாது. நோயால் பலவீனமானதால்தான் அது சூட்டைத் தாங்கவில்லையா? இருக்கலாம். அதுவும் நிரூபிக்க முடியாத இன்னொரு "இருக்கலாம்".

நெறியாளரிடம் சொன்னபோது, "நல்ல டேட்டாம்மா, நோய் இருந்தது செத்துது, இல்லாதது பிழைச்சுதுன்னு ஒரு பாரா எழுதலாம்" என்றார்.

"ஒண்ணை வெச்சு எழுத முடியாது சார்."

"அப்ப பல காரணங்கள்னு எழுதுங்க."

"எழுத மாட்டேன் சார். தெரியலைன்னு எழுதறேன்."

"ஒரு சாப்டர் முழுக்கத் தெரியலைன்னு எழுதுவீங்களா?"

எழுதினேன். வேகாத வெயிலில், விசிறிக்குக் கீழே, வேர்வை வழிய எழுதினேன். கிருமி எது என்று உறுதிசெய்ய முடியவில்லை, செய்த பரிசோதனைகள் இவை, அவை தோற்ற விதம் இது. எது தெரியாது என்பதை எழுதிய பிறகு, எது தெரியும் என்பதையும் எழுதினேன். வலை சுற்றிய பவளங்களில் நோய் அதிகமாக இருந்தது என்பது எங்கள் படங்களிலேயே தெரிந்தது. சேறு படியும் இடத்தில் அதிகம். சூடான மாதங்களில் அதிகம். கிருமியின் பெயர் கிடைக்கும் வரை வலையை எடுக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. அதை எழுதும்போது வலை போட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்களுக்குப் படகு ஓட்டியவர்கள், தோழியின் சித்தப்பாக்கள். முதல் பிரதியில் "மீனவர்களின் அலட்சியத்தால்" என்று இருந்ததை அடித்துவிட்டு, "அறுந்து போன வலைகளால்" என்று மாற்றினேன். அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வுக் குழு அந்த அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டது, முகம் சுளித்துக்கொண்டு. ஒருவர் கேட்டார், "கடைசியில என்ன கண்டுபிடிச்சீங்க?" "ஏழாம் எண் பவளத்துக்கு என்ன நோய்?" என்ற அத்தியாயத்தின் தலைப்பையே மறுபடி வாசித்துக் காட்டினேன். சில திருத்தங்களோடு ஆய்வேட்டைத் தரலாம் என்றார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை.

காற்று அடங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகு, புரட்டாசியில் மறுபடி கடற்கரைக்குக் கிளம்பினேன். இதற்குள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அப்பாவின் டீ, சோறு, குழம்பு, கேழ்வரகுக் களி எல்லாவற்றையும் காவிரித் தண்ணீரில்தான் செய்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அப்பாவும் கேட்பதில்லை. வயலுக்குப் போனால் மட்டும் போர் தண்ணீரைக் குடித்துக்கொள்வார். அவள் அதையும் கேட்பதில்லை. பாதிதான் ஜெயித்தது. முழுக்க ஜெயிக்கலாம் என்று நான் கத்தியபோது பாதிகூட நடக்கவில்லை.

கிளம்பும் நாள் அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு சாலை வரை வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பேருந்து வரும் திசையைப் பார்க்க அவர் மொத்தமாகத் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.

"அந்தப் பவளம் செத்துப் போச்சுன்னு உங்கம்மா சொன்னா."

"ஆமாப்பா."

"என்னா நோவுன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்லியா?"

"தெரியலப்பா."

"பக்கத்துல ஒண்ணு பொழச்சுதாமே, அதப் போயி பாரு" என்றார். பேருந்து வந்தது. பையை உள்ளே வைத்துவிட்டு, படியிலிருந்து கையை எடுத்தார்.